பலகையில் 203, உண்டியலில் 240: இலங்கையை எழுப்பியது அரசாங்கமா, சந்தையா?

2024 மார்ச் 17

கேள்வி: "போன வருடத்தின் கடைசி இரண்டு காலாண்டும் பொருளாதாரம் வளர்ந்ததாகக் கணக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் ஆறு காலாண்டு தொடர்ந்து இறக்கம். இதில் அரசாங்கம் செய்தது ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. டொலரைச் சந்தையிடம் விட்டார்கள், சந்தை தானாகவே சரிசெய்துகொண்டது. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கோ."

2024 மார்ச் 17, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதிதான்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சீமெந்து, குழாய், தண்ணீர் இறைக்கிற மிசின், கயிறு, ஆணி. பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் 2021, 2022 இரண்டு வருடமும் எந்த விலை பொய், எந்த விலை உண்மை என்று தினமும் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தேன்.

2022 ஜனவரியில் வங்கிப் பலகையில் அமெரிக்க டொலர் 203 ரூபாவுக்குள் நின்றது. அசையவே இல்லை. அதே வாரம் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு அனுப்புகிற வழியில், 240 ரூபாவுக்கு மேல். கனடாவில் இருக்கிற தம்பி அம்மாவின் வீட்டுக்குக் கூரை மாற்றக் காசு அனுப்ப வேண்டும். எதில் அனுப்பட்டும் என்று என்னைக் கேட்டான். ஆயிரம் டொலருக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபா வித்தியாசம். அம்மாவின் கூரையில் பாதிச் சலாகைக்கு அந்தக் காசு போதும். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களைப்போல எத்தனை லட்சம் குடும்பம். 2021 ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த காசு 675 மில்லியன் டொலர். ஒரு வருடம் கழித்து அதே ஜனவரியில் 259 மில்லியன். உழைக்கிறவர்கள் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். காசு பாதையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். எரிபொருள் கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை என்று கொழும்பில் கையைப் பிசைந்தபோது, அந்த டொலர் நாட்டுக்கு வெளியிலேயே கைமாறிக்கொண்டிருந்தது.

ஆகவே விலைதான் முதலில் உண்மையைச் சொன்னது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதைக் கேட்காமல் இருந்ததும் ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்தது அரசாங்கம்.

2024 மார்ச் 18

விட்டுப்போன ஒன்று. கேட்கவே இல்லை என்று எழுதியது சரியில்லை. 2021 டிசம்பரில், வங்கியில் மாற்றுகிற ஒவ்வொரு டொலருக்கும் பத்து ரூபா ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். 203 பிழை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பலகையில் மாற்ற மனம் வரவில்லை. பத்து ரூபாவை மேலே வைத்தாலும் உண்டியலைத் தொட முடியவில்லை.

2024 மார்ச் 19

ஒருவர் எழுதியிருக்கிறார்: "அப்படியென்றால் 2022 மார்ச் 7, டொலரை விட்ட நாள்தான் திருப்பம். நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்."

இல்லை. அந்த நாளை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். விட்டார்கள் என்பதே முழுசாகச் சரியில்லை. 230 ரூபாவுக்கு மேல் போகாத அளவில் நடக்கும் என்று மத்திய வங்கி சொல்லித்தான் கயிற்றைத் தளர்த்தியது. சில நாளிலேயே 230 பறந்தது. மாத முடிவில் 300-ஐ எட்டியது, மே மாதம் 360.

கையிருப்பில் டொலர் இல்லை, வட்டியைப் பெரிதாகக் கூட்டவும் இல்லை, காசு அச்சிடுவதையும் நிறுத்தவில்லை. அந்த நிலையில் விலையை மட்டும் அவிழ்த்து விட்டால் அது கட்டறுந்த மாடு மாதிரித்தான் ஓடும்.

அந்த மார்ச், ஏப்ரலில் என் கடையில் விலை என்ற ஒன்றே இருக்கவில்லை. கொழும்பு முகவருக்கு அழைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் மிசின் என்ன விலை என்று கேட்டால், "இப்ப விலை சொல்ல ஏலாது அண்ணை. காசைப் போடுங்கோ, லொறியில ஏத்தேக்க என்ன விலையோ அதுதான்" என்பார். சீமெந்துப் பை சில மாதத்துக்குள் இரு மடங்கை நெருங்கியது. காலையில் ஒரு விலைக்கு விற்றால், அந்தக் காசுக்கு மாலையில் அதே பையை நான் திருப்பி வாங்க முடியாது. ஒரு கிழமை இரும்புக் கம்பியை உள்ளே வைத்து, இல்லை என்று சொல்லி ஆட்களை அனுப்பினேன். எனக்குத் தெரிந்த மனிதர்களிடம் முகத்துக்கு நேரே சொன்ன பொய் அது. இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கிறது.

சந்தை தானாகச் சரிசெய்துகொண்டது என்கிறீர்கள். சந்தைக்குள் நின்றவன் சொல்கிறேன், அந்த இரண்டு மாதம் சந்தைக்கே கண் தெரியவில்லை.

திருப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஏப்ரல் 8 மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளி கூட்டியது. ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. இரண்டும் அவமானமான, கசப்பான முடிவுகள். இரண்டையும் சந்தை எடுக்கவில்லை.

2024 மார்ச் 20

"அந்த ஏழு புள்ளி வட்டிதான் சிறு வியாபாரிகளைக் கொன்றது" என்று திட்டி ஒரு குறிப்பு வந்திருக்கிறது. திட்டுங்கோ. எனக்கும் அது விழுந்ததுதான். 2022 முடிவில் என் மேலதிகப் பற்றுக்கு (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கிற கடனுக்கு) வங்கி முப்பது வீதம் எடுத்தது. கடையில் நின்ற இரண்டு பெடியன்களில் ஒருவனை அரை நாளாக்கினேன். அவன் தகப்பன் வந்து வாசலில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

அதே நேரத்தில் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ரீச்சர் நிலையான வைப்புக்கு இருபதுக்கு மேல் வட்டி வாங்கினா. "என்ர வாழ்க்கையில இப்பிடி வட்டி காணேல்லை தம்பி" என்றா. ஆனால் அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. நூறு ரூபாவை வைத்து நூற்றிருபது எடுத்தா, நூறு ரூபாச் சாமான் நூற்றெழுபது ஆகிவிட்டது. வட்டி வாங்கின ரீச்சருக்கும் நட்டம், வட்டி கட்டின எனக்கும் கழுத்தில் கயிறு.

அவ்வளவு வட்டி ஏன் என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிறகு ரீச்சரின் மகன்தான் விளங்கப்படுத்தினான். அவன் திறைசேரி உண்டியல் வாங்குகிறவன். (காசு அனுப்புகிறதும் உண்டியல், அரசாங்கம் கடன் வாங்குகிற பத்திரமும் உண்டியல். எங்கள் ஊரில் இரண்டையும் கலந்து குழம்பாத ஆள் இல்லை.) அவன் சொன்னது இதுதான். 2020, 2021-இல் அரசாங்கம் இந்தப் பத்திரங்களுக்குத் தான் தரக்கூடிய வட்டிக்கு ஒரு உச்ச எல்லை போட்டது. அந்த வட்டிக்குக் கடன் கொடுக்க ஆட்கள் வரவில்லை. வராத மிச்சத்தை மத்திய வங்கியே காசு அச்சிட்டு வாங்கியது. அதற்கு முன், 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியைப் பதினைந்திலிருந்து எட்டு வீதமாகக் குறைத்திருந்தார்கள். வருமானம் விழுந்தது, கடன் கொடுக்கிறவன் பின்வாங்கினான், அச்சு இயந்திரம் ஓடியது. டொலர் விலையை மூடி வைத்த மாதிரியே வட்டி விலையையும் மூடி வைத்திருக்கிறார்கள்.

மூடியைத் திறந்தபோது நீராவி எங்கள் முகத்தில் அடித்தது. மூடி வைத்தவர்களின் முகத்தில் அடிக்கவில்லை, அதுதான் என் கோபம்.

2024 மார்ச் 24

மண்ணெண்ணெய் பற்றி எழுதாமல் இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் இருந்து எழுத முடியாது.

2022 ஓகஸ்ட் வரை ஒரு லீற்றர் 87 ரூபா. ஓகஸ்ட் 21 நள்ளிரவு 340 ஆக்கினார்கள். ஒரே இரவில் நாலு மடங்கு.

இதற்குக் காரணம் இருந்தது, அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். டீசல் அதைவிடப் பல மடங்கு விலை விற்கும்போது மண்ணெண்ணெய் 87 என்றால், அடுப்புக்கும் படகுக்கும் போகவேண்டியது பஸ்ஸின் தாங்கிக்குள் போகும். போனது. மண்ணெண்ணெய் கலந்து ஓடிய பஸ்ஸின் புகை மணத்தை அந்த மாதங்களில் எல்லோரும் முகர்ந்திருக்கிறோம். கரையில் கான் வைத்து மூன்று நாள் காத்திருந்தவர்களுக்கு 87 ரூபா எண்ணெய் கிடைக்கவே இல்லை. கிடைக்காத பொருளுக்கு மலிவான விலை இருந்து என்ன பயன்?

சரி. ஆனால் 340-ஐ என் கண்ணால் பார்த்த விதம் இது. மயிலிட்டிப் பக்கம் இருந்து கயிறும் மிதவையும் என்னிடம் வாங்குகிற ஒரு தொழிலாளி, சிறிய வெளியிணைப்பு இயந்திரப் படகு. ஒரு முறை கடலுக்குப் போய்வர இருபது லீற்றர் என்பார். 87-இல் 1,740 ரூபா. 340-இல் 6,800. மீன் விலை நாலு மடங்கு ஏறவில்லை. வாங்குகிற சனத்தின் கையில் காசு இருந்தால்தானே ஏறும். இரண்டு கிழமை கழித்து என் கடைக்கு வந்தார், வாங்க இல்லை. புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க. சுற்றியிருந்த பொலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. "கடன் கொப்பியில இருந்து வெட்டிவிடுங்கோ அண்ணை, கடலுக்குப் போகேக்க எடுப்பம்" என்றார்.

வெங்காயக்காரருக்கும் அதே அடி. தோட்டத்துக்கு நாலு நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் இறைக்கவேண்டும். மிசின் குடிக்கிற எண்ணெய்க் கணக்கைப் பார்த்துவிட்டு ஆறு பரப்பு நட்டவர் மூன்று பரப்பு நட்டார். முந்தின வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடைசெய்து, ஏழு மாதத்துக்குள் தடையைத் தூக்கிய கூத்தில் அடிபட்டு எழும்பியிருந்த மனிதர்கள் இவர்கள்.

விலையைச் சரியாக்கியது பிழை என்று நான் சொல்லவில்லை. விலையைச் சரியாக்குகிற அந்த இரவில், இந்த மனிதர்களின் கைக்குக் காசு போயிருக்கவேண்டும். நிவாரணம் என்ற பேச்சு இருந்தது. என் கொப்பியில் பெயர் இருந்த எவருக்கும் அந்த மாதம் எதுவும் கிடைக்கவில்லை. நள்ளிரவில் விலையை மாற்றத் தெரிந்தவர்களுக்கு நிவாரணத்துக்கு மட்டும் ஏன் மாதங்கள் பிடித்தன?

2024 மார்ச் 24, மாலை

மேலே எழுதியதைப் பார்த்துக் கேள்வி கேட்ட தம்பியே ஒரு குறிப்புப் போட்டிருக்கிறார்: "அப்ப எரிபொருளைப் பங்கிட்ட கியூஆர் முறை பற்றி என்ன சொல்கிறீர்கள்? அது சந்தைக்கு எதிரானதுதானே."

எதிரானதுதான். வேலையும் செய்தது. 2022 ஜூலைக்கு முன் பெற்றோல் 177-இலிருந்து 470 வரை ஏற்றினார்கள். விலை ஏறியும் வரிசை குறையவில்லை. நாளைக்குக் கிடைக்குமா என்று தெரியாதவன் எந்த விலைக்கும் தாங்கியை நிரப்புவான். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து, காருக்கு இருபது என்று தொலைபேசியில் வந்த பிறகுதான் பதற்றம் அடங்கியது. நாலு லீற்றர் காணாது, ஆனால் அந்த நாலு நிச்சயம். நிச்சயம் வந்ததும் பதுக்கல் குறைந்தது, வரிசை கரைந்தது. 2023 செப்டெம்பரில் கியூஆரை நிறுத்தினபோது பலர் கவனிக்கவே இல்லை.

என் 17-ஆம் தேதிக் குறிப்பில் விலையை மட்டும் பெரிதாகப் பேசிவிட்டேன். அதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: விலை உண்மையைச் சொல்லும். ஆனால் பயத்தில் இருக்கிற சனத்திடம் எவ்வளவு உண்மையைச் சொன்னாலும் காதில் விழாது. முதலில் பயத்தை அடக்கவேண்டும்.

2024 மார்ச் 27

மத்திய வங்கி நேற்று மறுபடி அரைப் புள்ளி வட்டியைக் குறைத்திருக்கிறது. கடன் கொடுக்கிற வீதம் இப்போது 9.5. போன வருடம் இதே நேரம் 16.5. என் வங்கி இன்னும் அழைக்கவில்லை. கூட்டும்போது மறுநாள் காலையிலேயே கடிதம் வந்தது.

2024 மே 5

"கடன் மறுசீரமைப்பின் பாரம் யார் தலையில்?" என்று கேட்டவருக்கு. என் அண்ணி ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவ. ஊழியர் சேமலாப நிதிதான் அவவின் ஒரே சேமிப்பு. 2023 ஜூன் முடிவில் வங்கிகளை ஐந்து நாள் மூடி வைத்து, ஜூலை 1 சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி உள்நாட்டுக் கடன் திட்டத்தை நிறைவேற்றினார்கள். வங்கிகளின் கையில் இருந்த ரூபாப் பத்திரங்களைத் தொடவில்லை. சேமலாப நிதியிடம், குறைந்த வட்டிப் பத்திரத்துக்கு மாறு, இல்லையென்றால் பதினாலுக்குப் பதில் முப்பது வீத வரி கட்டு என்றார்கள்.

வங்கி விழுந்தால் எல்லோருக்கும் அழிவு, அதனால் விட்டோம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. அந்தத் திட்டம் வெளியே வந்ததும் திறைசேரி உண்டியல் வட்டி மளமளவென்று இறங்கியதும் உண்மை, ஏனென்றால் என்ன வெட்டு விழுமோ என்ற பயம் போனது. அதற்கு முந்தின வருட முடிவில் முப்பதைத் தாண்டிய வட்டி அது. அந்த இறக்கத்தில்தான் என் கடை மூச்சு விட்டது. என் மூச்சுக்கு விலை கொடுத்தவர்களில் அண்ணியும் ஒருவ. வீட்டுக்கு வரும்போது அவவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

உலக வங்கியின் கணக்கில் 2019-இல் நூற்றுக்குப் பதினொரு பேர் ஏழைகள். 2023-இல் இருபத்தைந்துக்கு மேல். வளர்ச்சிக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

2024 ஒக்டோபர் 6

பல மாதம் கழித்து வருகிறேன். ஜனாதிபதி மாறிவிட்டார். தேர்தலுக்கு முன் கொழும்பு முகவர்கள் சரக்கைப் பிடித்து வைத்தார்கள். டொலர் மறுபடி ஏறும், புதியவர்கள் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த கடன் உடன்படிக்கையைக் கிழிப்பார்கள் என்ற கணிப்பு. அப்படி எதுவும் நடக்கவில்லை, பேச்சு தொடர்கிறது, டொலர் 300-ஐ விட்டு நகரவில்லை. பிடித்து வைத்த சரக்கு இப்போது வெளியே வருகிறது. யார் வந்தாலும் கணக்கு மாறாது என்று சந்தை நம்பினால் அதுவே ஒரு பலம்.

இன்னொன்று. செப்டெம்பர் பணவீக்கம் கழித்தல் 0.5. "விலை குறைஞ்சிட்டுதாம், உங்கட கடையில மட்டும் ஏன் குறையேல்லை?" என்று ஒரு அக்கா என்னோடு சண்டை. மின் கட்டணமும் எரிபொருளும் குறைந்ததில் வந்த எண் அது. 2022-இல் ஏறின மலையின் உச்சியில்தான் இன்னும் நிற்கிறோம், ஏறுவது மட்டும் நின்றிருக்கிறது. கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "அப்ப என்ர சம்பளமும் அந்த உச்சிக்கு வந்திட்டுதோ?" என்று கேட்டா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2025 பெப்ரவரி 4

வாகன இறக்குமதி முதலாம் திகதி முதல் திறந்தாயிற்று. 2020 மார்ச்சில் பூட்டியது. ஐந்து வருடம் பழைய வாகனத்தைப் புது விலைக்கு மேல் விற்றார்கள். இப்போதும் வரியோடு பார்த்தால் சாதாரண மனிதனுக்கு எட்டாது. ஆனால் திறந்தது பெரிய விஷயம், டொலர் இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த அரசாங்கமும் இதைத் திறக்காது. அந்த டொலர் எங்கிருந்து வந்தது என்றால் அதில் பெரிய பங்கு என் தம்பி மாதிரி ஆட்களுடையது. வங்கி வழி வந்த காசு 2022-இல் 3.8 பில்லியன், போன வருடம் 6.6 பில்லியன். தம்பி இப்போது வங்கியில்தான் போடுகிறான். நாட்டுப்பற்று அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. வித்தியாசம் இரண்டு விலையும் ஒன்றானதுதான்.

2025 ஏப்ரல் 6

எங்கள் நாட்டுச் சாமானுக்கு அமெரிக்கா 44 வீத வரி என்று அறிவித்திருக்கிறது. கிளிநொச்சியில் தைக்கப் போகிற பிள்ளைகளின் தகப்பன்மார் கடையில் நின்று இதைத்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டை ஒழுங்காக்கிக்கொண்டு வரும்போது தெருவில் இருந்து கல் வருகிறது. இதற்கு கொழும்பில் எடுக்கக்கூடிய முடிவு பெரிதாக ஒன்றும் இல்லை, பேசிப் பார்ப்பதைத் தவிர.

2025 ஜூன் 15

முதலில் கேள்வி கேட்ட தம்பி, இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் சொன்னதில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன் தம்பி: விலையை மூடி வைத்தால் அது வேறு வாசலால் வெளியே போகும். என் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கோ: மூடியை எப்போது, எந்த வேகத்தில் திறப்பது, யார் கையில் துணி கொடுத்துவிட்டுத் திறப்பது என்பதெல்லாம் மனிதர்கள் எடுக்கிற முடிவு.

ஆறு பரப்பை மூன்றாக்கின வெங்காயக்காரர் நேற்றுக் கடைக்கு வந்தார். முழுவதும் நட யோசிக்கிறார். மண்ணெண்ணெய் இப்போது 200-க்குக் கீழ், ஆனாலும் மறுபடி நள்ளிரவில் ஏறாது என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. மின்சார மோட்டார் வேண்டும், கடன் எடுக்கலாமா என்கிறார். மூன்று நாளைக்கு முன் மின் கட்டணம் பதினைந்து வீதம் கூடியிருக்கிறது. சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கம் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். கூடின கட்டணத்துக்கும் மோட்டார்தான் மலிவு, வட்டி பன்னிரண்டு, பதின்மூன்றுக்குள் கிடைத்தால். திங்கட்கிழமை காலை வங்கிக்குப் போகிறோம், பிணைக் கையெழுத்து நான்.

மயிலிட்டிக்காரரின் கயிற்றுச் சுருளைக் கேட்டவர்களுக்கு: அவர் மகன் வந்து எடுத்துப் போனான், போன மாசி மாதம். முழுக் காசும் தந்தான்.